கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே நாற்பது நிமிடம்

ஏறும் சுவர் ஒன்றில் நானே போட்ட ரூட்டின் நடுவில், தரையிலிருந்து இருபது அடி உயரத்தில், வாயில் தேங்காய் நார் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு ஏறிப்போய் நாற்பது நிமிடம் தொங்கியவன் நான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் ஒரு துணை வட்டாட்சியரும், ஒரு போலீஸ்காரரும், ஜென்மப் பகையாளிகளான இரண்டு பங்காளிகளும் உண்டு. அரசாங்கச் செலவில் வீடியோவும் எடுத்தார்கள். அதில் என் முகம் தெரியாது. முதுகும் அதற்குக் கீழே உள்ள பிரதேசமும்தான் தெரியும். ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் அது இன்னும் ஆவணமாக இருக்கிறதாம். அந்த அலமாரிக்குச் சீக்கிரம் கரையான் வரவேண்டும் என்று அவ்வப்போது வேண்டிக்கொள்கிறேன்.

சுவர் ஏறும் விளையாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்காக என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பிடிகளை எப்படி மாட்டுவது, போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் எதற்கு? அதைச் செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். ஆனால் அவர் சுவரில் தாசில்தார் ஆபீஸ் வந்து நின்றதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவருக்கு சீனியர்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. தஞ்சாவூரில் ஓர் இன்ஜினியரிடம் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பெங்களூரில் பன்னிரண்டு நாள் பயிற்சி, ரூட் போட, அதாவது சுவரில் பிடிகள் மாட்டி ஏறும் பாதை அமைக்கக் கற்றுத் தருவார்கள் என்று, ஏறும் சுவர் வைக்க நினைத்த ஒரு விளையாட்டுச் சங்கத்தார் அனுப்பினார்கள். அதில் மூன்று நாள் எனக்கு வயிறு சரியில்லை. மீதி ஒன்பது நாளில் கற்றதை வைத்து ஊருக்கு வந்து முதல் ரூட்டைப் போட்டேன். ஒன்றரை அடிக்கு ஒரு பிடி, ஸ்கேல் வைத்து, நூல் பிடித்து, கீழிருந்து மேல் வரை நேர்கோடு. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை ஏறும் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. தொட்டுட்டு இறங்க வேண்டியதுதான்."

"காய் இல்லாத மரத்துல எதுக்குங்க ஏறணும்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

எனக்கு உண்மையில் தொழில் சொல்லித் தந்தவர் சுவர் ஏறாதவர். எங்கள் சுவர் இருந்த இடம் ஒரு பழைய ரைஸ்மில். அங்கே நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். மில் நின்ற பிறகும் அவர் மட்டும் போகவில்லை. ஏறுகிறவர்களுக்குக் கீழிருந்து கயிறு பிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அவர் பிடித்த கயிறு ஒரு தடவையும் நழுவியதில்லை. ஒருநாள் நான் கைகளால் சுவரைப் பிறாண்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூட்டையோட பலகை மேல ஏறுறப்ப கையை நம்புனவன் மூணே நாள்ல வேலையை விட்டு ஓடிடுவான். எடையெல்லாம் கால்ல இருக்கணும். கை சும்மா பேச்சுத் துணைக்கு."

பன்னிரண்டு நாளில் பெங்களூரில் சொன்னதும் இதைத்தான். ஆங்கிலத்தில் சொன்னதால் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இவர் சொன்னதால் புரிந்துகொண்டேன்.

இனி அந்த மில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இரண்டு பங்காளிகளுடையது. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். பாகப் பிரிவினை வழக்கு பதினைந்து வருடமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் விற்கக்கூடாது, இடிக்கக்கூடாது, மில்லாகவும் ஓட்டக்கூடாது, வாடகைக்கு வேண்டுமானால் விடலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. நெல் காயவைக்கும் இயந்திரம் நின்ற இடத்தில் கூரை நாற்பது அடி உயரம். ஏறும் சுவருக்கு இதைவிட நல்ல இடம் டெல்டா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இங்கே உயரமாக இருப்பவை கோயில் கோபுரம், மில், தென்னை, அப்புறம் கட்சிக் கொடிக்கம்பம். நாங்கள் மில்லை எடுத்துக்கொண்டோம்.

வடக்குப் பாதி ஒருவருக்கு, தெற்குப் பாதி மற்றவருக்கு என்று தற்காலிகமாகப் பிரித்திருந்தார்கள். அதனால் அவர்களை வடக்கார், தெற்கார் என்றே நாங்கள் சொல்வோம். கோர்ட் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து எல்லையைக் குறித்தபோது, அந்தக் கோடு சரியாக எங்கள் சுவரின் நடுவே விழுந்தது. கோடு அழியக்கூடாது என்று மேலிருந்து கீழ் வரை ஒன்றரை அங்குலத்தில் ஒரு மரக்கட்டையை அடித்துவிட்டுப் போனார். அதற்குக் கோர்ட் கட்டை என்று பெயர். வடக்கே ஏறுகிறவர் தெற்கே கை வைத்தால் தெற்கார் வக்கீலுக்குப் போன் போடுவார். தெற்கேயிருந்து யாராவது வடக்கே வியர்வை சிந்தினால் வடக்கார் போட்டோ எடுப்பார்.

இது போதாதென்று வடக்கார் ஒரு கட்சி, தெற்கார் அதற்கு எதிர்க்கட்சி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் ஆளும் கட்சியாகி மற்றவரைப் பார்த்து இரக்கப்படுவார். இரண்டு கட்சிக் கொடியிலும் கறுப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்றால் வடக்கார் கொடி. நடுவில் கொஞ்சம் வெள்ளை வந்துவிட்டால் தெற்கார் கொடி. இந்த வித்தியாசத்துக்காகத் தலையை உடைத்துக்கொண்டவர்களை உங்களுக்கும் தெரியும்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சட்டமன்றத் தேர்தல் அறிவித்து, நடத்தை விதிகள் அமலில் இருந்த நேரம். ஊரில் தலைவர்கள் சிலைக்கெல்லாம் துணி போட்டு மூடிவிட்டார்கள். சுவர் விளம்பரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் மாநில அணிக்குத் தேர்வு எங்கள் சுவரில் நடக்கும் என்று கடிதம் வந்தது. முறைப்படி அனுமதி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. ஐந்துக்கு மேல் ஒரு நிமிடம் கூட்டம் கூடக்கூடாது.

ஒரு ரூட் என்றால் ஒரே நிறப் பிடிகள். அதுதான் வழக்கம். ஆனால் பெட்டியில் மிச்சமிருந்தவை ஒன்பது சிவப்பும் பதினொரு கறுப்பும். எனக்குள் இருந்த வரைபடக்காரன் எழுந்து உட்கார்ந்தான். கலந்து மாட்டினால் அழகாக இருக்காது என்று நினைத்து, கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு, மேல்பாதி முழுக்கக் கறுப்பு என்று வடக்குப் பாதியில், கோர்ட் கட்டையை ஒட்டி மாட்டினேன். தமிழ்நாட்டில் பிறந்து, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருக்கும் ஒருவன், தேர்தல் நேரத்தில் இதைச் செய்தான். மாட்டி முடித்து இறங்கி வந்து பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பிடிகளுக்கு இடையே தூரம் நன்றாக அமைந்திருக்கிறது.

வடக்கார் வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டார்.

"சார், நீங்க நம்மாளுன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தூரத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

ஒவ்வொரு ரூட்டிலும் ஏறுகிறவரைத் திணறடிக்கும் ஓர் இடம் இருக்கும். அதை நான் கண்டம் என்பேன்; ஜாதகத்தில் சொல்வார்களே, அதைத் தாண்டினால் ஆயுசு உண்டு. அந்த ரூட்டின் கண்டத்தைச் சிவப்பு முடிந்து கறுப்பு தொடங்கும் இடத்தில், இரண்டே இரண்டு வழுக்குப் பிடிகளில் வைத்திருந்தேன். இரண்டு கையும் அவற்றில் இருந்தால்தான் உடம்பு நிற்கும். என் வாழ்நாளின் சிறந்த கண்டம் அது. முந்தின நாள் சாயங்காலம் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன்.

தேர்வுக்கு ஏழு பேர். ஏழாவது கயல்விழி. திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். இரண்டு பஸ் மாறி வருவாள். தாத்தா காலத்தில் கூலிக்குப் போன வயலில், குத்தகைத் தகராறு, வழக்கு, அடிதடி எல்லாம் பார்த்து, அப்பா காலத்தில் மூன்று மா நிலத்துக்குப் பட்டா வந்த குடும்பம். மாநில அணிக்குத் தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விக் கல்லூரியில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த மாதம் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு. துணிப்பையைக்கூட எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். அதைச் சொன்னபோது அழவில்லை. அதனால் எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

முதல் ஆள் ஏறினார், கண்டத்தில் நின்றார், இடுப்புப் பையில் கைவிட்டு வெள்ளைச் சாக் பொடியை அள்ளித் தடவினார், விழுந்தார். இரண்டாவது ஆளும் அப்படியே. வியர்க்கும் கைக்கு அந்தப் பொடிதான் துணை. பயம் கூடக்கூடப் பொடியும் கூடும். நான்காவது ஆள் சீர்காழியிலிருந்து வந்த இன்ஜினியரிங் மாணவன். பாதிப் பையை அங்கேயே கொட்டிவிட்டு விழுந்தான். ஆறு பேரும் முடிந்தபோது, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைப் பட்டை பளிச்சென்று விழுந்திருந்தது.

முதலில் பார்த்தவர் தெற்கார். தன் பாதியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் மெதுவாக எழுந்தார்.

"ஆஹா" என்றார். "ஏறுனவங்க எல்லாம் சேர்ந்து நம்ம கட்சிக்கு மாத்திட்டாங்கய்யா! இதான் மக்கள் தீர்ப்பு!"

வடக்கார் திரும்பிப் பார்த்தார். கொடி கட்சி மாறியிருந்தது, அதுவும் அவருடைய சொந்தச் சுவரில்.

"சார்! என்ன சார் இது? தொடைங்க சார், உடனே தொடைங்க!"

"தொடைச்சுப் பாருங்க" என்றார் தெற்கார், செல்போனை எடுத்துக்கொண்டே. "எங்க கொடியை அழிச்சாங்கன்னு இப்பவே புகார் குடுக்குறேன்."

"உன் கொடியா? அது என் சுவருய்யா!"

"சுவரு யாருதுன்னு கோர்ட் சொல்லும். கொடி யாருதுன்னு கண்ணு இருக்கவன் சொல்லுவான்."

என் நிலையைக் கவனியுங்கள். ஆறு பேர் ஏறியதும் பிடிகளைப் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும் என்பது போட்டி விதி. துடைக்காவிட்டால் பொடி படிந்து, வழுக்குப் பிடி எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். கயல்விழி அந்த இடத்தில் நிற்கவே முடியாது. துடைத்தால் நான் வடக்கார் ஆள். துடைக்காவிட்டால் தெற்கார் ஆள். ஒரு பல்துலக்கும் வேலைக்குள் இவ்வளவு அரசியல் இருக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்வது, அப்புறம் அடி வாங்குவது என்று முடிவு செய்தேன். இன்றுவரை அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். செய்த விதம்தான் தப்பு.

ஏணி தெற்குப் பாதியில் இருந்தது. "என் ஏணி கோட்டைத் தாண்டி வராது" என்றார் தெற்கார். அதனால் நானே இடுப்பில் கயிறு கட்டி, மேஸ்திரியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறினேன். கண்டம் வரை போய்விட்டேன். இரண்டு பிடியிலும் இரண்டு கையையும் வைத்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. இரண்டு கையும் இருந்தால்தான் நிற்க முடியும் என்று அமைத்தது நான்தான். பிரஷ் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

விழுந்தேன். கயிறு இழுத்துப் பிடித்தது. வெள்ளைப் பட்டைக்கு நேர் எதிரே ஊசலாடிக்கொண்டு நின்றேன். பரவாயில்லை, இப்படித் தொங்கிக்கொண்டே துடைத்துவிடலாம் என்று பிரஷ்ஷைக் கையில் எடுத்த அதே நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது.

பறக்கும் படை. தேர்தல் நேரத்தில் மட்டும் நம் அரசாங்கம் இந்த வேகத்தில் வரும். துணை வட்டாட்சியர் ஓர் அம்மா. காலையிலிருந்து சாப்பிடாத முகம். பின்னால் ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோகிராபர்.

"இது என்ன, சுவர் விளம்பரமா?" என்றார்.

நான் மேலிருந்து, "இல்லீங்க மேடம், ரூட்டுங்க" என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"மேலங்க மேடம்."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வீடியோகிராபரிடம், "அவரையும் எடுங்க" என்றார்.

இரண்டு பங்காளிகளும் ஒரே நேரத்தில் புகார் சொல்லத் தொடங்கினார்கள். அம்மா கையை உயர்த்தினார். "மேலிடத்துல கேட்கணும். அதுவரைக்கும் இருக்கிற நிலை அப்படியே இருக்கணும். யாரும் எதையும் துடைக்கக் கூடாது, பூசக் கூடாது, அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சிக்னல் தேடி வெளியே போனார்.

"மேஸ்திரி, என்னை இறக்குங்க" என்றேன்.

"அசைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்களே."

"அது சுவரைச் சொன்னாங்க!"

"நீங்களும் சுவர்லதானே இருக்கீங்க?"

வடக்கார், "இறக்காதய்யா, அவரு தொடைக்கட்டும்" என்றார். தெற்கார், "இறக்குய்யா, தொடைச்சுத் தொலைச்சிடப் போறாரு" என்றார். மேஸ்திரி கயிற்றை இடுப்போடு அழுத்திக்கொண்டு, சுவரடியில் போட்டிருந்த மெத்தையில் வசதியாக உட்கார்ந்தார்.

"நான் ரெண்டு முதலாளிக்கும் ஆளு. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்க, செய்யுறேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பதினஞ்சு வருஷமா காத்துக் கெடக்குறேன்."

மணி நாலு இருபது. நாலரை. இடுப்புவார் தொடையை அறுத்தது. கால் மரத்துப்போனது. பிரஷ்ஷை மறுபடி பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து பார்க்கும்போது மனிதர்கள் எல்லோருக்கும் உச்சந்தலை வழுக்கை என்று தெரிந்தது. அணியைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள ஏழாவது ஆள் ஏறலைன்னா வரலைன்னு போட்டுடுவேன். எனக்கு வேற வழியில்லை."

கயல்விழி எனக்குக் கீழே வந்து நின்றாள். நான் சமாதானமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். பிரஷ் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்துகொண்டிருந்த துணை வட்டாட்சியரிடம் போனாள்.

"மேடம், நான் ஏறுனா நெலமை மாறுமா?"

"மேலிடத்துல போனை எடுக்கல" என்றார் அம்மா, யாரிடம் என்றில்லாமல். பிறகு அவளைப் பார்த்தார். "எதுக்குமா ஏறணும்?"

"காலேஜ் சீட்டுங்க மேடம். அஞ்சு மணிக்குள்ள ஏறலைன்னா திருப்பூரு."

அந்த அம்மா சிறிது யோசித்தார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யோசித்தவர் அவர் ஒருவர்தான். "துடைக்கக் கூடாதுன்னேன். பூசக் கூடாதுன்னேன். ஏறுறதப் பத்திப் புகார் ஒண்ணும் வரலையே. ஏறுமா."

"வெள்ளைப் பொடி தொடக் கூடாது!" என்று வடக்கார் கத்தினார். "அது பிரசாரம்!"

கயல்விழி மில்லின் மூலைக்குப் போனாள். பழைய கொதிகலன் பக்கம் இன்னும் குவிந்து கிடந்த உமிச்சாம்பலை அள்ளி இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"சாம்பல் கலர் எந்தக் கட்சி?" என்று அம்மா போலீஸ்காரரைக் கேட்டார்.

"தெரியலைங்க மேடம். சுயேச்சையா இருக்கும்."

சுவரில் இரண்டாவது கயிறு ஒன்று இருந்தது. சீர்காழி மாணவன் அதைப் பிடித்துக்கொண்டான். கயல்விழி ஏறத் தொடங்கினாள். சிவப்பு ஒன்பதையும் படி ஏறுவது போல முடித்தாள். கண்டத்துக்கு வந்தாள். அங்கே வெள்ளை பூசிய இரண்டு பிடி, அவற்றுக்கு முன்னால் நான். அவள் மூச்சு என் முழங்காலில் பட்டது. என்னைத் தொட்டால் தகுதி நீக்கம். ரூட் போட்டவனைப் பிடித்துக்கொண்டு ஏற விதியில் இடமில்லை. நான் ஒல்லியாக முயன்றேன்.

இரண்டு நொடி அசையாமல் நின்றாள். பிறகு இடது காலை எடுத்து, பக்கவாட்டில் நீட்டி, கோர்ட் கட்டையின் விளிம்பில் பாதத்தை அழுத்தி ஊன்றினாள்.

மில்லுக்குள் எல்லோரும் மூச்சை இழுத்த சத்தம் மேலே எனக்குக் கேட்டது. அடித்த நாளிலிருந்து அந்தக் கட்டையை யாரும் விரலால்கூடத் தொட்டதில்லை. அதைத் துடைக்கும்போதுகூட வக்கீலைக் கேட்டுக்கொண்டுதான் துடைப்பார்கள். அவள் வரப்பின் சரிவில் ஊன்றி நிற்பது போல அதில் நின்றாள். எடை முழுவதும் காலுக்குப் போனது. கைகள் சும்மா பேச்சுத் துணைக்கு. என் வாழ்நாளின் சிறந்த கண்டத்தை ஒரு விரல்கூட வைக்காமல் சுற்றிக்கொண்டு போய், கறுப்பைப் பிடித்து, மேலே போய்க் கடைசிப் பிடியில் இரண்டு கையையும் வைத்தாள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

தேர்வாளர் பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினார். "ரூட் போட்டவர் சொல்லணும். அந்தக் கட்டை கணக்குல உண்டா, இல்லையா?"

அவருடைய பேனா, அந்தப் பெண்ணின் துணிப்பை, திருப்பூர் பஸ் எல்லாம் என் வாயில் வந்து தொங்கின. காலையில் போட்டிக்கு முன் நான் அறிவித்தது நினைவுக்கு வந்தது. சுவரில் இருப்பது எல்லாம் உண்டு, ஏணி மட்டும் கிடையாது என்றிருந்தேன். கட்டையை நினைத்துச் சொன்னதல்ல, வழக்கமான பாட்டாகச் சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான். கண்டம் தோற்றுப்போன வயிற்றெரிச்சலில் 'இல்லை' என்று ஒரு வார்த்தை என் நாக்கின் நுனி வரை வந்ததையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"உண்டு" என்றேன்.

சீர்காழி மாணவன் கயிற்றைப் பிடித்தபடியே தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் தவித்தான். "நானும் பார்த்தேன் சார் அந்தக் கட்டையை! கேஸ்ல இருக்கறது, மிதிச்சா உள்ள வச்சிடுவாங்கன்னு விட்டுட்டேன்!" மற்ற ஐந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆறு பேரும் சுவரில் இருந்த மிகச் சிறந்த கால்படியை வழக்குக்குப் பயந்து விட்டிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

"என் பங்குல இருக்க கட்டையை மிதிக்கலாம்னு சொல்ல இவரு யாரு?" என்றார் வடக்கார்.

"உன் பங்கா? கட்டை என் பங்குல இருக்கு! இவரு எப்படி உண்டுன்னு சொல்லலாம்?" என்றார் தெற்கார்.

இருவரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் முகம் சிவந்தது. ஒரே குரலில், ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்:

"இறக்குய்யா அந்த ஆளை!"

மேஸ்திரி எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைக் கேக்கத்தான் உசுரோட இருந்தேன்" என்று சொல்லி, என்னை மிக மெதுவாக, முதல் போக நெல் மூட்டையை இறக்குவது போல இறக்கினார். அவ்வளவு மெதுவாக இறக்கியதால் அதற்குள் இருவருக்கும் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. அதைத் தெரிந்துதான் செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

துணை வட்டாட்சியர் எழுதிய அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார். 'சுவரில் காணப்பட்ட வெள்ளை நிறம் அழுக்கு எனத் தெரிய வருகிறது. அழுக்கு எந்தக் கட்சியையும் சார்ந்ததல்ல.' தேர்தல் முடியும் வரை மூடிவைக்கச் சொன்னார். மேஸ்திரி கோணிச் சாக்குகளைக் கட்டினார். ஒரு மாதம் எங்கள் சுவர் ஊர்ச் சிலைகளைப் போலவே முக்காடு போட்டுக்கொண்டு நின்றது. கயல்விழி மாநில அணிக்குப் போனாள். கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று உங்களில் பாதிப் பேருக்குப் பயிற்சி தருவது அவள்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தைப் பல வருடம் எல்லா வகுப்பிலும் சொன்னேன். ரூட் போடுகிறவன் எந்த இடத்தில் கர்வப்பட்டு டீ குடிக்கிறானோ, அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஏறுகிறவருக்கு ஒரு வழி இருக்கும். அறிவித்த விதி உங்களுக்கே எதிராக வந்து நிற்கும்போதுதான் நீங்கள் விதியை மதிக்கிறீர்களா என்று தெரியும். எல்லோரும் பயந்து கண்ணை விலக்கிக்கொள்ளும் இடத்தில் நின்று யோசிக்கத் தெரிந்தவர்தான் ஏறத் தெரிந்தவர். மூன்று மா நிலத்துக்கு வரப்பு காத்த குடும்பத்துப் பெண், எல்லைக்குப் பயப்படாமல் எல்லையையே கால்படியாக மாற்றினாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அதற்கென்று ஓர் இடைவெளி விடுவேன்.

போன மாதம் எனக்கு நீங்கள் நடத்திய வழியனுப்பு விழாவிலும் மைக்கைப் பிடித்து இதையே, இடைவெளி உட்பட, சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். முடிந்ததும் கயல்விழி கையில் மிக்சர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டு நொடியில என்னம்மா யோசிச்ச?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அவளிடம் கேட்டதில்லை.

அவள் மிக்சரில் கடலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யோசிக்க என்ன சார் இருக்கு? நீங்கதான் குறுக்க தொங்கிக்கிட்டு இருந்தீங்களே. வேற எங்க காலை வைக்கிறது?"